கரித்தணலும் சாசேஜும்

மன்னர் ஆண்ட ஆண்டுகளையும் அவர் பொருத போர்களையும் தொகுத்துக் கூறுவதே வரலாறு எனக் கருதுவார் பலர். மாந்தர் நாள்தோறும் உண்ட உணவுக்கும் வரலாறு உண்டு. அது அரண்மனை ஏடுகளில் மிகுதியாக இடம்பெறுவதில்லை; மடத்துக் கணக்கிலும், நகர மன்றத்தின் ஆணையிலும், மருத்துவர் எழுதி வைத்த நோய்க்குறிப்பிலும் சிதறிக் கிடக்கிறது. அவ்வாறு சிதறிக் கிடப்பனவற்றுள் ஒன்றை, கரித்தணலில் வாட்டி உண்ணப்படும் சாசேஜ் என்னும் ஊனுணவின் வரலாற்றை, இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இப்பொருள் நம் காலனிக் குடும்பங்களுக்கு இன்று அயலானதன்று. குளிர்காலம் பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மொட்டைமாடியிலும் புல்வெளியிலும் இரும்படுப்பில் கரி மூட்டி, பல மொழி பேசும் அண்டை வீட்டார் ஒன்றுகூடி உண்பதைக் காண்கின்றோம். கடைகளின் குளிர்பெட்டியில் பல வகைச் சாசேஜுகள் உறைந்து கிடக்கின்றன. எதை வாங்குவது, எவ்வாறு வாட்டுவது என்று பிள்ளைகள் கேட்டால், நம் பாட்டியர் கற்பித்த சமையலறிவில் அதற்கு விடை கிடைப்பதில்லை. ஊன் உண்ணாத அன்பர் நம்முள் பலர் உளர். அவர்களும் இக்கட்டுரையைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவோர், விற்போரை எவ்வாறு நம்புவது என்னும் வினாவே இவ்வரலாறு நெடுகிலும் கேட்கப்பட்டு வந்துள்ளது. அவ்வினா நெய்க்கும் மிளகாய்ப்பொடிக்கும் உரியதே அன்றோ?

சாசேஜ் என்பது யாது?

கொத்திய இறைச்சி, கொழுப்பு, உப்பு, மணப்பொருள்கள் ஆகியவற்றைப் பிசைந்து, தூய்மை செய்த ஆட்டுக்குடலிலோ பன்றிக்குடலிலோ அடைத்து, இடையிடையே முறுக்கி விட்டதே சாசேஜ். உப்பிடப்பட்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியே இப்பெயர் வந்தது. விலங்கு ஒன்றை அறுத்தால் தொடையும் விலாவும் போக எஞ்சும் சிறு துண்டுகள் பல. அவற்றை வீணாக்காமல் சில நாளேனும் காத்து உண்ண வேண்டும் என்னும் சிக்கனமே இவ்வுணவைத் தோற்றுவித்தது.

நம் நாட்டு உப்புக்கண்டமும் இதே தேவையினின்று பிறந்ததுதான். ஆயினும் இவ்விரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. உப்புக்கண்டத்தில் இறைச்சி துண்டாகவே இருக்கும். வாங்குவோர் அதன் நிறத்தையும் நாரையும் கண்ணால் காணலாம், மூக்கால் அறியலாம். சாசேஜிலோ யாவும் கொத்தப்பட்டு, மணப்பொருளோடு கலந்து, உறைக்குள் மறைந்துவிடுகின்றன. நல்ல கைவினைஞர் அம்மறைவினுள் சுவையை வைத்தார். தீய வணிகர் கழிவை வைத்தார். இவ்விருவரையும் பிரித்தறிய மக்கள் செய்த முயற்சிகளையே இனி நாம் காணப்போகின்றோம்.

கிரேக்கரும் உரோமரும்

ஓமர் பாடிய ஒடிசி என்னும் கிரேக்கப் பெருங்காப்பியத்தில், ஆட்டின் இரைப்பையில் கொழுப்பையும் குருதியையும் நிரப்பித் தீயருகே வைத்த உணவு பேசப்படுகின்றது. உறக்கமின்றிப் புரளும் தலைவனுக்கு, அவ்வுணவைத் தீயின்முன் இப்புறமும் அப்புறமும் திருப்புகின்ற ஒருவனை அப்புலவர் உவமையாக்குகின்றார். இடைவிடாது திருப்ப வேண்டும் என்னும் பக்குவம் அத்துணைப் பழமையானது.

கி.மு. 424-இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய அரிசுடோபனீசின் ‘குதிரைவீரர்’ என்னும் நகைச்சுவை நாடகத்தின் தலைவனே ஒரு சாசேஜ் வணிகன். அரசியலில் பொய்யும் புரட்டும் மலிந்ததை நகையாடிய அப்புலவர், நாடகத்தின் இறுதியில் தோற்ற அரசியல்வாதிக்கு ஒரு தண்டனை விதிக்கின்றார்: நகரவாயிலில் அமர்ந்து, நாயிறைச்சியும் கழுதையிறைச்சியும் கலந்த சாசேஜ் விற்றுப் பிழைக்க வேண்டும் என்பதே அது. அவையோர் அதைக் கேட்டு நகைத்திருப்பர் எனில், அத்தகைய கலப்படம் அன்றே அறியப்பட்ட ஒன்றாக இருந்தது என்பது தெளிவு.

உரோமர் இவ்வகை உணவைத் தென்னித்தாலியின் உலுக்கானியா மக்களிடமிருந்து கற்றனர். ஆதலின் அதனை உலுக்கானிகா என்று வழங்கினர். இன்று இத்தாலியில் உலுகானிகா எனவும், கிரேக்கத்தில் உலுகானிகோ எனவும், இசுபெயினில் உலொங்கனிசா எனவும் வழங்கும் பெயர்கள் அதன் வழிவந்தவையே. அபிசியசு என்பாரின் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூல் இதன் செய்முறையைக் கூறுகின்றது. மிளகும் சீரகமும் நறுமண இலைகளும் மீன்சாறும் சேர்த்து இறைச்சியை இடித்து, முழு மிளகும் கொழுப்பும் பைன்கொட்டையும் கலந்து, குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிடுக என்பது அதன் சாரம்.

இங்கே தமிழர் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். அம்மிளகு எங்கிருந்து சென்றது? சேரநாட்டு முசிறித் துறைக்கு யவனர் கப்பல்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு கூறுகின்றது. உரோமில் கருமிளகு ஓர் இராத்தல் 4 தினாரியசுக்கு விற்றது எனப் பிளினி எழுதி வைத்துள்ளார். நாவைக் கடிக்கும் ஒரு பொருளுக்காகப் பொன் இந்தியாவிற்குப் போகின்றதே என்று அவர் வருந்தவும் செய்தார். உரோமர் தம் சாசேஜில் இட்ட மிளகு மேற்கு மலையின் சாரலில் விளைந்து, அரபிக்கடலைத் தாண்டிச் சென்ற மிளகாகும்.

குடலுறையில் அடைக்கும் வழக்கம் தமிழர் உணவில் வேரூன்றியதாகத் தெரியவில்லை. ஆனால் தீயில் வாட்டும் வழக்கம் இருந்தது. கரிகால் வளவனைப் பாடும் பொருநராற்றுப்படை, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊனைப் பொருநர் வயிறார உண்டதைச் சொல்கின்றது. வாயில் இட்ட துண்டின் வெம்மை தாங்காது அதை இப்பக்கமும் அப்பக்கமும் ஒதுக்கி உண்டனர் என்னும் செய்தியைப் படிப்போர்க்கு, அத்தணலின் சூடு இன்றும் தெரியும்.

கரி பிறந்த கதை

விறகில் சுடுவதற்கும் கரியில் வாட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்தாலன்றி இவ்வுணவின் சிறப்பு விளங்காது. விறகு எரியும்போது முதலில் நீர் ஆவியாகும். பின்னர்ப் புகையும் எரிவளியும் கிளம்பிச் சுடர்விடும். அதன்பின்னரே கங்கு நிற்கும். காற்றைப் பெரும்பாலும் அடைத்து விறகைச் சூடேற்றினால், நீரும் புகையும் முன்னரே வெளியேறிவிட, கரிமம் மட்டும் எஞ்சுகின்றது. அதுவே அடுப்புக்கரி. அதனைப் பின்னர் மூட்டினால் சுடர் குறைவு, புகையும் குறைவு, வெப்பமோ மிகுதி. அவ்வெப்பம் ஒளிபோலக் கதிர்வீசி மேலுள்ள உணவைத் தாக்குகின்றது. அதனால் மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்க, உள்ளே சாறு வற்றாமல் வேகின்றது.

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து வந்த அன்பர்க்குக் கரிமூட்டம் பற்றிப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. வெட்டிய சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடி, தீயிட்டு, நாள் பல காவலிருந்து, காற்று புகும் துளையைத் திறந்தும் அடைத்தும் அவர்கள் கரி எடுக்கின்றனர். காற்று மிகுந்தால் யாவும் சாம்பலாகிவிடும்; குறைந்தால் விறகு விறகாகவே கிடக்கும். ஐரோப்பியக் காடுகளில் வாழ்ந்த கரிசுடுவோரும் இதே முறையில், மண்மூடிய குவியலின் அருகே குடிசையிட்டுக் கண்விழித்தனர். இரும்பு உருக்கும் உலைக்கும், பொற்கொல்லர் பட்டறைக்கும், நம் தெருமுனை இஸ்திரிப் பெட்டிக்கும் உதவிய அதே கரிதான் இறைச்சி வாட்டும் அடுப்பிற்கும் வந்து சேர்ந்தது.

நகர மன்றங்களின் காவல்

வாட்டும் சாசேஜுக்கு உலகில் பெரும்பெயர் பெற்றது செருமானிய நாடு. அங்கு இரண்டு ஊர்வழக்குகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று நியூரம்பர்க் நகருக்குரியது. மற்றொன்று துரிங்கியா நாட்டிற்குரியது.

நியூரம்பர்க் நகரின் ஆவணங்களில் வாட்டும் சாசேஜ் பற்றிய குறிப்பு 1313-ஆம் ஆண்டிலேயே காணப்படுகின்றது. எவ்விறைச்சியை இட வேண்டும் என்னும் கட்டுப்பாடாகவே அது அமைந்துள்ளது என்பது நோக்கத்தக்கது. அந்நகரில் பன்னாட்டு வணிகர் கூடினர். கீழைநாட்டு மணப்பொருளும் வந்து குவிந்தது. ஆதலின் நகரத்தின் நற்பெயர் தன் கடைத்தெருவைப் பொறுத்தது என்பதை மன்றத்தார் உணர்ந்திருந்தனர். நியூரம்பர்க் சாசேஜ் மிகச் சிறியது. 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமும் 20 முதல் 25 கிராம் எடையும் உடையது. மெல்லிய ஆட்டுக்குடலில் அடைக்கப்படுவது. அதன் தனிமணத்திற்குக் காரணமான மூலிகை மார்ச்சோரம். நம் ஊரில் மல்லிகைச் சரத்தின் இடையே வைத்துக் கட்டுகின்ற மருவே அது! இதனைப் பீச்சு மரத்தின் தணலில் வாட்டி, மூன்றை ஒரு சிறு ரொட்டியினுள் வைத்துத் தருவர்.

ஏன் இத்துணைச் சிறிதாயிற்று என்பதற்கு அவ்வூரார் கதைகள் சொல்வர். ஊரடங்கிய பின் கதவின் சாவித்துளை வழியே விற்பதற்காகச் சிறுத்தது என்பது ஒரு கதை. சிறைப்பட்ட செல்வர் ஒருவர் நாள்தோறும் இரண்டு சாசேஜ் வேண்டுமெனக் கேட்டுப் பெற்று, அவற்றைச் சாவித்துளை வழியே வாங்கி உண்டார் என்பது இன்னொன்று. கதைகளை நம்பாவிடினும் ஒன்று உறுதி: சிறியதாக இருந்தால் தணலில் விரைவாகவும் சீராகவும் வேகும்.

துரிங்கியச் சாசேஜ் பெரியது, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுடையது, பன்றியின் சிறுகுடலில் அடைக்கப்படுவது, கரித்தணலுக்கே உரியது. அதன் மிகப் பழைய சான்று ஒரு சமையல் நூலன்று, ஒரு செலவுக் கணக்கு. ஆர்ன்ஸ்டாட் என்னும் ஊரிலிருந்த கன்னியர் மடத்தின் 1404-ஆம் ஆண்டுக் கணக்கில், வாட்டும் சாசேஜுக்குரிய குடலுக்காக ஒரு குரோசன் காசு செலவானது எழுதப்பட்டுள்ளது. சிறு செலவையும் ஒளியாது எழுதிய ஒரு கணக்கப்பிள்ளையின் கடமையுணர்வே அறுநூறு ஆண்டுக்குப் பின்னர் வரலாற்றுச் சான்றாகி நிற்கின்றது. நம் சங்கத்தின் கணக்கேட்டை எழுதுவோரும் இதனை நினைவிற் கொள்க.

வைமார் நகரத்து ஆவணக் காப்பகத்திலிருந்து 2007-ஆம் ஆண்டில் ஒரு பழைய ஏடு வெளியுலகிற்குத் தெரியவந்தது. 1432-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வேடு இறைச்சி வணிகர்க்கு இடப்பட்ட ஆணையாகும். சாசேஜில் தூய, புதிய பன்றியிறைச்சியே இட வேண்டும். கெட்டதும் புழுத்ததும் கூடாது. மீறினால் 24 பெனிக் தண்டம் என்பது அதன் கருத்து. செருமானியர் பெருமை பாராட்டும் பவேரியத் தூய்மைச் சட்டம் பீருக்காக இயற்றப்பட்டது 1516-இல்தான். அதற்கு எண்பத்து நான்கு ஆண்டுகட்கு முன்னரே சாசேஜுக்குச் சட்டம் பிறந்துவிட்டது.

நியூரம்பர்க் சாசேஜ் என்னும் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் ஆண்டில் புவிசார் காப்பு அளித்தது. அந்நகரின் எல்லைக்குள், உரிய முறைப்படி செய்யப்பட்டதற்கே அப்பெயர் உரியது. நம் நாட்டில் பழனிப் பஞ்சாமிர்தம் போன்ற பொருள்களுக்கும் இத்தகைய காப்பைத் தேடும் ஆர்வம் எழுந்ததை நோக்குங்கால், 1313-இல் தொடங்கிய அக்கவலை இன்றும் தீர்ந்தபாடில்லை என்பது புலனாகும்.

நஞ்சைத் தேடிய புலவர்

நகர மன்றம் கலப்படத்தைத் தடுத்தது. ஆனால் கலப்படமற்ற சாசேஜும் உயிரைக் குடித்தது உண்டு. செருமானியத் தென்புலமான வியூர்த்தம்பர்க்கில் 1793-ஆம் ஆண்டில், வில்டுபாடு என்னும் ஊரில் இரைப்பையில் அடைத்த குருதிச் சாசேஜை உண்டோருள் 13 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் மாண்டனர். பின்னரும் இத்தகைய சாவுகள் தொடர்ந்தன.

இதனை ஆராய்ந்தவர் சுசுடினசு கெர்னர் என்னும் மருத்துவர். அவர் நாடறிந்த கவிஞருமாவார். 1820-இல் 76 நோயாளரைப் பற்றியும், 1822-இல் 155 நோயாளரைப் பற்றியும் அவர் குறிப்புகள் வெளியிட்டார். இமை தொங்குதல், வாய் உலர்தல், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை அவர் வகைப்படுத்திக் காட்டினார். நஞ்சுற்ற சாசேஜின் சாற்றைத் தாமே உட்கொண்டும் ஆய்ந்தார்! காற்றுப் புகாத உறையின் உள்ளேதான் அந்நஞ்சு விளைகின்றது என்பது அவர் கண்ட முடிவு. அவ்வாறு விளைவிக்கும் நுண்ணுயிரை 1895-இல் பெல்சியத்தில் நிகழ்ந்த ஒரு நச்சுணவுச் சாவை ஆராய்ந்த வான் எர்மென்செம் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அவ்விடத்து நஞ்சானது பன்றித்தொடை இறைச்சி. எனினும் சாசேஜைக் குறிக்கும் ‘போட்டுலசு’ என்னும் இலத்தீன் சொல்லே போட்டுலிசம் என அந்நோயின் பெயராக நிலைத்துவிட்டது.

காற்றற்ற உறை, குறைந்த உப்பு, அரைவேக்காடு, வெதுவெதுப்பான இடத்தில் பலநாள் இருப்பு ஆகிய நான்கும் சேருங்கால் இடர் தோன்றும். குளிரில் வைத்தலும், போதிய உப்பும், உள்வரை வேகவைத்தலும் அதற்கு மாற்று. பதப்படுத்தும் ஆலைகள் நைட்ரைட்டு என்னும் உப்பைச் சேர்ப்பதற்கும் இதுவே முதன்மையான காரணம்; இளஞ்சிவப்பு நிறமும் அதனால் வருவதே.

சிக்காகோவின் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாசேஜ் செய்யும் தொழில் சிறுகடையிலிருந்து பேராலைக்குச் சென்றது. அமெரிக்காவின் சிக்காகோ நகரம் அதற்குத் தலைநகராயிற்று. அண்டை வீட்டு இறைச்சி வணிகரை அறிந்து வாங்கிய மக்கள், முகமறியா ஆலையிடம் வாங்கத் தொடங்கினர். 1906-இல் அப்டன் சிங்கிளேர் எழுதிய ‘காடு’ என்னும் புதினம், புலம்பெயர்ந்து வந்த ஏழைத் தொழிலாளர் அவ்வாலைகளில் பட்ட துன்பத்தை எடுத்துக்காட்டியது. எலிப் புழுக்கையும் அழுகலும் கலந்த இறைச்சி சாசேஜாக மாறுவதையும் அதில் அவர் எழுதினார். படித்தோர் தொழிலாளர்க்காக இரங்கியதைக் காட்டிலும் தம் உணவை எண்ணி நடுங்கினர். அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் இறைச்சி ஆய்வுச் சட்டமும், தூய உணவு மருந்துச் சட்டமும் அந்நாட்டில் கையொப்பமாயின.

புலம்பெயர்ந்தோர் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் காலனியில் வாழ்கின்ற நாம், அப்புதினத்தின் மாந்தரை மறத்தல் தகாது. வாங்குவோரின் வயிற்றைக் காத்த சட்டம் ஒரே ஆண்டில் வந்தது. செய்வோரின் கையைக் காக்கும் சட்டங்களுக்கு அவர்கள் இன்னும் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது.

அதே அமெரிக்காதான் கரியடுப்பைக் கொல்லைப்புறத்து விளையாட்டாக மாற்றியது. கரித்தூளைப் பிசைந்து தலையணை வடிவில் அழுத்திய கரிக்கட்டிக்கு எல்சுவொர்த் சுவோயர் என்பவர் 1897-இல் காப்புரிமை பெற்றார். 1920-களில் என்றி போர்டு, தம் மோட்டார் வண்டிகளுக்கு மரம் அறுத்ததில் எஞ்சிய கழிவைக் கரிக்கட்டியாக்கி விற்றார். 1952-இல் சிக்காகோ வட்டாரத்து உலோகத் தொழிலகம் ஒன்றில் பணியாற்றிய சார்ச்சு இசுடீபன், கடலில் மிதக்கவிடும் இரும்பு மிதவையின் வடிவைக் கொண்டு, மூடியுள்ள உருண்டை அடுப்பொன்றை அமைத்தார். காற்றையும் மழையையும் தடுத்த அவ்வடுப்பின் வழிவந்தவையே இன்று நம் குடியிருப்புகளில் காணப்படுபவை.

இந்திய மண்ணில்

போர்த்துக்கீசியர் 1510-இல் கோவாவைக் கைப்பற்றினர். அவர்களோடு சொரிசோ என்னும் சாசேஜும் வந்தது. குளிர்ந்த ஐரோப்பியக் காற்றில் உலர்ந்த அவ்வுணவு, கோவாவின் ஈரக்காற்றில் நிலைக்க வேறு காவல் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியரே கொணர்ந்த மிளகாயும், தென்னங்கள்ளில் பெற்ற புளிங்காடியும், பூண்டும் அதனுட் புகுந்தன. சிறு உருண்டைகளாகக் கட்டி மாலைபோலத் தொங்கவிடப்பட்ட கோவாச் சாசேஜை மாப்புசா, மட்காவ் அங்காடிகளில் காணலாம். வெங்காயத்தோடு வதக்கிப் பாவ் ரொட்டியில் வைத்து உண்பதே அதன் பெருவழக்கு. புறநாட்டுப் பொருளைத் தம் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட கோவா மக்களின் திறன், புறநகரில் வாழும் நமக்கும் பாடமாகத்தக்கது.

வடபுலத்தில் சீக் கபாப் வேறொரு வழியைக் காட்டுகின்றது. கொத்திய இறைச்சியை உறையின்றிக் கம்பியிலேயே பிடித்துத் தணலில் வாட்டுவர். அங்கே மறைக்கும் உறை இல்லை. வாடிக்கையாளர் கண்முன்னே பிசைந்து, கண்முன்னே வாட்டித் தருகின்றனர். பழைய தில்லியிலும் இலக்னோவிலும் தலைமுறை தலைமுறையாக ஒரே கடையை மக்கள் நாடுவதற்கு அக்கைம்மணமும் அந்நம்பிக்கையுமே காரணம்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாற்றை அறிந்தோர் கடையில் நின்று என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, அது பச்சையா, முன்னரே வெந்ததா என அறிதல் வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும். வெந்ததாயின் தணலில் சூடேறி நிறம் பெற்றால் போதும். பச்சையாயின் உள்வரை வேக வேண்டும்; பன்றி, மாட்டிறைச்சிக்கு உள்வெப்பம் 71 டிகிரி செல்சியசும், கோழிக்கு 74 டிகிரியும் வேண்டும் என்பர்.

இரண்டாவது, உட்பொருள் வரிசையைப் படித்தல் வேண்டும். மிகுதியாக உள்ள பொருளே முதலில் எழுதப்பட்டிருக்கும். இறைச்சிக்கு அடுத்து நீரும் மாவும் சோயாவும் நிற்குமாயின், நாம் கொடுக்கும் விலை எதற்கு என்பதை எண்ணிப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் பூரவொர்சு என்னும் வாட்டும் சாசேஜ் புகழ்பெற்றது. கொத்தமல்லி விதையே அதன் தலையாய மணம். அப்பெயரில் விற்பதற்கு 90 விழுக்காடு இறைச்சி இருத்தல் வேண்டும், கொழுப்பு 30 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பது அந்நாட்டு விதி. நல்ல சாசேஜுக்கு இஃது ஓர் அளவுகோல். கொழுப்பு மிகக் குறைந்தால் வாட்டும்போது சக்கையாகும். மிகுந்தால் உருகி வடிந்து தீப்பற்றும்.

மூன்றாவது, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும், செய்த நாளும், உண்ணத்தகும் நாளும் உறையில் உளவா எனக் காண்க. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பிறந்த அவ்வாணையம், 1432-இல் வைமார் மன்றத்தார் செய்த பணியைத்தான் இன்று செய்கின்றது. உறைபனி உருகி மீண்டும் உறைந்து, பையினுள் நீர்க்கட்டியாக நிற்பதை வாங்கற்க.

வாட்டும் முறையும் எளிதே. கரி முழுதும் பற்றி, மேலே வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையற்றோர் கரும்புகையிலேயே வைத்துக் கெடுப்பர். தணலை அடுப்பின் ஒருபாதியில் குவித்து, மறுபாதியை வெறுமையாக விடுக. பச்சைச் சாசேஜை முதலில் தணலற்ற பக்கத்தில் மெல்ல வேகவைத்து, இறுதியில் தணலின்மேல் உருட்டி நிறமேற்றுக. முள்ளால் குத்தற்க, குத்தினால் சாறு வடிந்து தீச்சுடர் எழும், ஊன் கருகும். கருகிய பகுதியை நீக்கி உண்க.

நாம் அறிந்தே உண்ண வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. உலக நல வாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-ஆம் ஆண்டில் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்போர்க்குக் குடற்புற்று நேரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகின்றது என்பது அதன் கணக்கு. விழாநாள் விருந்தாக எப்போதேனும் உண்பது வேறு; பிள்ளைகளின் பள்ளிக்கூட டப்பாவில் நாள்தோறும் வைத்தனுப்புவது வேறு.

தணலின் மறுமுகம்

இறுதியாக, நம் காலனியினர் அனைவரும், ஊன் உண்போரும் உண்ணாதோரும், நெஞ்சில் நிறுத்த வேண்டிய ஒன்று உண்டு. கரித்தணல் புகையின்றி எரிவதால் தீங்கற்றது எனப் பலர் மயங்குகின்றனர். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியை அது வெளியிடுகின்றது. சாசேஜின் உறைக்குள் மறைந்த நஞ்சைப் போலவே இதுவும் புலன்களுக்கு எட்டாதது. வடநாட்டுக் குளிரில் அங்கீட்டியை அறையினுள் வைத்துக் கதவடைத்து உறங்கிய குடும்பங்கள் விடியலில் எழாமற் போன செய்தி ஆண்டுதோறும் நாளேடுகளில் வருகின்றது. தெற்கிலிருந்து புதிதாக வந்து முதற்குளிரைக் காண்போர் இதனை அறியார். விருந்து முடிந்தபின் எஞ்சிய தணலைக் குளிர்காய உள்ளே கொண்டு செல்லுதல் ஒருபோதும் கூடாது. அடுப்பைத் திறந்த வெளியிலேயே மூட்டி, அங்கேயே நீர் தெளித்து அணைத்துவிட்டு வருக. பழைய குடியினர் புதுக்குடியினரின் கதவைத் தட்டி இதனை ஒரு முறை சொல்லி வைப்பாராக.

காற்று மாசு மிகும் நாட்களில் தில்லித் தலைநகர் வட்டாரத்து உணவகங்களில் கரித் தந்தூர் அடுப்புகளுக்குத் தடை விதிக்கப்படுகின்றது. அந்நாட்களில் நாமும் மாடியடுப்பை மூட்டாது விடுதல் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் முதியோர்க்கும் நாம் செய்யும் உதவியாகும்.

ஏதென்சு நாடகத்திலிருந்து நம் மொட்டைமாடிவரை இவ்வுணவு வந்த வழியைக் கண்டோம். உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் உரிமையை மக்கள் எளிதிற் பெற்றிலர். மன்றத்தார் ஆணையிட்டும், மருத்துவர் தம் உடலையே ஆய்வுக்குத் தந்தும், எழுத்தாளர் ஆலையின் உட்புறத்தை ஊரறியச் செய்தும் அதனை ஈட்டித் தந்தனர். அவ்வுரிமையைக் கடையில் நாணமின்றிப் பயன்படுத்துவோம். வரும் குளிர்காலத்தில் தணலைச் சூழ்ந்து அமரும் நம் குடும்பங்கள், அண்டை அயலாரோடு நலமாக உண்டு மகிழ்க!